கொழுகொழுக் குழந்தை

ராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் எழுந்தருளியிருக்கும் நீர்காத்த அய்யனார் கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் மட்டுமல்ல, நம் தமிழகத்தில் எங்கும் கர்ப்பிணிக்கு நடக்கும் உபசாரம் ஒன்றுதான்: "இரண்டு உயிருக்குச் சாப்பிடம்மா!" பக்கத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூர், வளைகாப்புக்குப் பால்கோவா வராமலிருக்குமா? பிறக்கும் குழந்தை நாலு கிலோ நிறுத்துவிட்டால் பாட்டிக்குப் பெருமை தாங்காது. அந்தப் பெருமையைத்தான் நாம் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கர்ப்பம் முதிர முதிர, நஞ்சிலிருந்து சுரக்கும் சில ரசங்கள் தாயின் இன்ஸுலினை வேலை செய்யவொட்டாமல் தடுக்கின்றன. ஈடுகொடுக்க முடியாத ஸ்திரீகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு. தாயின் சர்க்கரை சிசுவுக்குப் போய்ச் சேரும். தாயின் இன்ஸுலின் போகாது. ஆகவே சிசுவின் கணையமே மிகுதியாக இன்ஸுலினைச் சுரக்கிறது. உடம்பில் கொழுப்புச் சேர்கிறது. பிரசவத்தில் தோள் சிக்குவதும், ஆயுத சிகிச்சை அவசியமாவதும் இதனால் நேரலாம். தாய்க்கு ரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

கொடி அறுந்ததும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடுகிறது; குழந்தையின் இன்ஸுலினோ உடனே குறைவதில்லை. முதல் சில மணி நேரத்திலேயே அதன் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். கொழுகொழுவென்றிருக்கும் குழந்தை துவண்டு கிடப்பதும், வலிப்புக் காண்பதும் உண்டு. மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையும்கூடச் சேரலாம். முதல் ஒரு மணிக்குள் தாய்ப்பால் கொடுப்பதும், குழந்தையின் ரத்தத்தைச் சோதிப்பதுமே தகுந்த காப்பு. சேனை வைக்க நல்ல கைக்காரரைத் தேடிக்கொண்டிருக்கும் உறவினர்கள் இதை மன்னிக்க வேண்டும்!

இதைக் கண்டுபிடிக்க நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா வகுத்துத் தந்த முறை மிக எளியது. 75 கிராம் குளுகோஸை நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிகிச்சை வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் மேல்நாட்டு முறை, மலையடி ஊரிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிக்கு எப்படிப் பொருந்தும்? இதற்குப் பட்டினி தேவையில்லை. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. அவர் குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நகரங்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கும், கிராமங்களில் சுமார் 10 பேருக்கும் இந்நோய் இருந்தது. கிராமத்திற்கு இது வராது என்பது வெறும் பேச்சு.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். அப்போது இல்லையென்றாலும் 24-வது வாரத்திற்கும் 28-வது வாரத்திற்கும் இடையில் மறுபடியும் பார்க்க வேண்டும். நோய் தெரிந்ததும் மருமகள் தின்ற இனிப்பின்மேல் பழி போடுவது அநியாயம். ஒல்லியான பெண்ணுக்கும் இது வரும். பலருக்கு அளவறிந்த உணவும் நடையுமே போதும். போதாதவர்கள் இன்ஸுலின் ஊசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. அது சிசுவைத் தாக்காது.

பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடுவதால் தாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் நீரிழிவு வர அவளுக்கே அதிக வாய்ப்பு. குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தூக்கிச் செல்லும் ஆறாவது வாரத்திலேயே தாயின் ரத்தத்தையும் சோதித்துவிடலாம், ஒரே நடைதான்.