மார்த்தாண்டத்து ரப்பர் தேன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் வட்டாரத்தில் எடுக்கப்படும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. வியப்பு என்னவென்றால், அது பூவில் ஊறுவதல்ல. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும். மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் சிறு சுரப்பிகள் உண்டு. செம்பழுப்புத் தளிர் பச்சையாக மாறும் நாட்களில் அவற்றில் இனிப்புநீர் துளிர்த்து நிற்கும். தேனீக்கள் உறிஞ்சுவது அதைத்தான். மார்ச், ஏப்ரல் வரை அறுவடை நடக்கும்.

பொதுவாக, ஒரே பூவின் தேன் என்பதை அதிலுள்ள மகரந்தத்தை எண்ணி உறுதிசெய்வார்கள். இலைக்காம்பில் மகரந்தம் இல்லாததால் ரப்பர் தேனுக்கு அந்தச் சோதனை அவ்வளவாகக் கைகொடுக்காது. பருவமும் தோட்டமுமே சாட்சி.

இதில் குளுக்கோஸ் மிகுதி. அதனால் சீக்கிரம் உறைந்துவிடும். சீனிப்பாகு கலந்ததாக எண்ணிப் பலர் ஒதுக்குவது வருந்தத்தக்கது. உறைவது கலப்படத்தின் அடையாளமல்ல. பாட்டிலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகிவிடும்.

1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் இப்பகுதியின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. நோயைத் தாங்கி மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டும் தலையெடுத்தது.