முடியை விட்டுக்கொடுத்த பேரரசி

ஒரு சாம்ராஜ்யத்தையே விட்டுக்கொடுத்த பேரரசி யார் தெரியுமா, நேயர்களே? சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்து லுங்யூ. 1912 பிப்ரவரியில், ஆறு வயதுப் பேரரசர் பூயி சார்பில் முடிதுறப்பு ஆணையை வெளியிட்டவர் இவர்தான். அதற்கு முன் ஒருநாள் இவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள, எதிரே மண்டியிட்டிருந்த படைத்தலைவர் யுவான் ஷிகாயும் அழுததைப் பூயி பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படி அழுதவர் பிடியில்தான் வடக்கின் வலிமையான படையே இருந்தது! பயந்து பணிந்துவிட்டார் என்று லுங்யூவைக் குறை சொல்வார்கள். பயம் இருந்திருக்கலாம். ஆனால் புரட்சியில் பல மாகாணங்கள் ஏற்கெனவே கைநழுவியிருந்தன. அந்த நிலையிலும் சிறுவனுக்குப் பேரரசர் பட்டமும், ஆண்டு மானியமும், அரண்மனையில் வசிக்கும் உரிமையும் எழுத்தில் கிடைத்தன. ஆறே ஆண்டில் ரஷ்ய ஜார் குடும்பம் சுட்டுக்கொல்லப்பட்டது. பூயியோ 1924 வரை அதே அரண்மனையில்தான் வளர்ந்தார்.