மூன்று மணி நேரத்தில் தென்கடல்



விடுமுறை என்பது பணமும் ஓய்வும் படைத்தோர்க்கே உரிய பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டின் தென்கரையிலே, மத்தியதரைக் கடலையொட்டி, ரிவியரா என்னும் இன்பப் பகுதி இருக்கிறது. குளிர்காலத்திலும் வெயில் காயும் அக்கரையை நாடிச் செல்வர்கள் சென்று தங்குவர். அவர்களுக்கென்றே 1922ஆம் ஆண்டு முதல் நீல வண்ணம் பூசிய படுக்கை வண்டிகள் கொண்ட ரயில் ஒன்று ஓடிற்று. ஆலைத் தொழிலாளிக்கோ அக்கடல் படத்தில் கண்ட கடலாகவே இருந்தது.

1936ஆம் ஆண்டில் இந்நிலை மாறலாயிற்று. லேயோன் புளூமின் அரசாங்கம், உழைப்போர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு எனச் சட்டம் செய்தது. விடுமுறை கிடைத்தால் மட்டும் போதுமா? போய்வர வழி வேண்டுமன்றோ? ஆகவே, லேயோ லக்ராஞ்சு என்னும் துணை அமைச்சரின் முயற்சியால், ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடி செய்த சீட்டும் அவ்வாண்டே வழங்கப்பட்டது. கடலை முதன்முறையாகக் கண்டோர் அக்கோடையில் பலர்.

இன்று பாரிஸ் மாநகரின் லியோன் நிலையத்தில் ஏறி அமர்ந்தால், ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மார்செய் துறைமுக நகரை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் அடைந்துவிடலாம். 1960களில் இதற்குச் சுமார் ஏழு மணி நேரம் பிடித்தது. இவ்விரைவு எவ்வாறு கைகூடிற்று என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

ரயில் விரைந்து ஓட ஆற்றல் மிக்க எஞ்சின் ஒன்றே போதும் எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. முதலில் வேண்டுவது பாதை. வளைவு இறுக்கமாக இருந்தால் வேகமாகச் செல்லும் வண்டி வெளிப்புறம் தள்ளப்படும். எனவே இப்புதிய பாதையின் வளைவுகளை நாலாயிரம் மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டுகளைப் போல மிக அகலமாக அமைத்தனர். சாலை குறுக்கிடும் கேட்டு ஒன்றுகூட இல்லை, இருமருங்கும் வேலியிட்டனர். ஆனால் மேடுகளை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. சரிவின் அடியில் ஓடிவரும் சிறுவன் அந்த ஓட்டத்தின் விசையாலேயே பாதி மேட்டைக் கடந்துவிடுகிறான் அல்லவா? அதுபோலவே இந்த ரயிலும் நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் உயரும் சரிவிலும் ஏறிவிடுகிறது. இதனால் பாரிஸ் லியோன் பாதையில் சுரங்கம் தோண்டும் செலவே மிச்சமாயிற்று.

வேகம் இரு மடங்கானால் வண்டியில் அடங்கிய இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலை நிறுத்த மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் வேண்டும். பாதையோரத்துக் கைகாட்டியை அவ்வேகத்தில் ஓட்டுநர் பார்த்து அறிவதும் இயலாது. ஆதலால் செல்லத்தக்க வேகம் தண்டவாளத்தின் வழியாகவே அவர் முன்னுள்ள பலகைக்கு அறிவிக்கப்படுகிறது.

பெட்டிகளின் இணைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அடுத்தடுத்த இரு பெட்டிகளின் முனைகள் ஒரே சக்கரச் சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கின்றன. இதனால் தொடர் முழுவதும் முதுகெலும்பு போல் ஒன்றுபட்டு நிற்கிறது. 1993ஆம் ஆண்டு டிசம்பரில், வடபகுதிப் பாதையில், முதல் உலகப் போர்க்காலத்துக் குழியொன்று மழையால் உள்வாங்கியது. அதன்மேல் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில் தடம் புரண்டது. ஆயினும் பெட்டிகள் கவிழவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை.

1972இல் செய்த முதல் மாதிரி வண்டி எண்ணெயெரிக்கும் சுழலியால் ஓடியது. 1973இல் எண்ணெய் விலை ஏறவே, திட்டம் மின்சாரத்துக்கு மாறியது. 1981 செப்டம்பரில் லியோன் பாதையின் முதற்பகுதி திறக்கப்பட்டது; 2001 ஜூனில் பாதை மார்செய் வரை நீண்டது.

இவ்வழியே நான் பயணம் செய்தபோது, அருகிலுள்ள கம்பங்களை எண்ண முடியவில்லை. தொலைவிலுள்ளவற்றையே பார்க்க வேண்டும் என விரைவில் தெரிந்துகொண்டேன். அவிஞோன் நகரை நெருங்குகையில் இடப்புறம் வாந்து மலை நெடுநேரம் உடன்வந்தது. அதன் உச்சியின் வெண்மை கோடையிலும் பனிபோல் தோன்றும். உண்மையில் அது சுண்ணாம்புப் பாறை. மார்செய் நிலையத்தின் 104 படிகளின் மேல் நின்றால் நகரம் காலடியில் விரிகிறது.

மார்செய்க்கு அப்பால் விரைவுப் பாதை இல்லை. நீஸ் நகருக்கு ரயில் வந்த ஆண்டு 1864. அக்காலத்துக் கரையோரப் பாதையிலேயே இன்றும் வண்டி வளைந்து வளைந்து செல்கிறது. 200 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இத்தூரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகிறது. எனக்கு இதில் குறையில்லை. எஸ்தெரேல் மலையின் செம்பாறைகளும் நீலக்கடலும் கண்ணுக்கு அகப்படுவது இம்மெதுவான பகுதியிலேதான்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்த ரயிலில் இடப்பதிவு கட்டாயம். கூட்டத்துக்கேற்பக் கட்டணம் ஏறும். மாதங்களுக்கு முன்பே திட்டமிடுவோர் மலிவாகப் பெறுவர்; விடுமுறை நாள் கடைசி நேரத்தில் முடிவாகும் தொழிலாளி மிகுதியாகக் கொடுப்பார். 2013இல் தொடங்கிய குறைந்த கட்டண ரயில்கள் இக்குறையை ஓரளவு நீக்கின. ரயில் இரண்டரை மணிக்குள் கொண்டு சேர்க்கும் சில ஊர்களுக்குப் பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து விமானம் செல்வதை 2023இல் தடுத்துவிட்டனர். விமானத்தை விலக்கினால் ரயில் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும்.

ரயில் எத்தனை மணியில் சேர்ந்தது என்பதைக் கடிகாரம் சொல்லும். அதில் யார் யார் ஏறினர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1936இல் அளித்த வாக்கு நிறைவேறிற்றா என்பதை அந்த இரண்டாவது கணக்கே காட்டும்.