துப்பாக்கி உரிமம் கோருவோர் கவனத்திற்கு

ரொக்கத்துடன் காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டுக்குக் கொள்முதலுக்குச் செல்பவர்கள் நாம். தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டுவோர் 21 வயது நிரம்பியிருந்தால் நாமக்கல் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். காவல்துறை அறிக்கை பெற்றே அவர் முடிவெடுப்பார். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் தேவை. கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைத்தல் ஆகியவை அதன் பாடங்கள்.

மனப்பாடம் போதாது, கை பழக வேண்டும். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருதுக. குழல் எவரையும் நோக்கக் கூடாது. சுடும் நேரம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. வீடு திரும்பியதும் தோட்டாக்களை நீக்கி, இரண்டையும் தனித்தனியே பூட்டி வைக்க வேண்டும். கல்லாப்பெட்டியில் மட்டும் வைக்கவே வேண்டாம் என்கிறோம். சில்லறைக்காக நம் பிள்ளைகளும் கை விடும் பெட்டி அது.