வீட்டுக் கணினியும் வெளிச்செல்லும் செய்தியும்

1930 ஆம் ஆண்டு சனவரியில் உருசிய அறிஞர் மொல்சானொவ் சிறு வானொலிக் கருவியொன்றைப் பலூனிற் கட்டி மேலே விடுத்தார். வளிமண்டலத்தின் வெப்பத்தையும் அமுக்கத்தையும் அது நிலத்தில் நின்றோர்க்கு அறிவித்தது. மனிதன் எளிதிற் செல்லமுடியாத இடத்துக்குக் கருவியை அனுப்பி, அது கண்டதை இருந்த இடத்திலிருந்தே கேட்டறியும் முறைக்கு டெலிமெற்றி என்று பெயர். தமிழில் தொலையளவை எனலாம். வானத்தை அளக்க உதவிய அம்முறை இன்று வீட்டு மேசை வரை வந்துவிட்டது. அளக்கப்படுபவர் அதனை அறிந்திருக்கின்றாரா என்பதே கேள்வி.

வீட்டுக் கணினிகளுட் பெரும்பாலானவற்றை இயக்குவது மைக்கிரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ். 2015 யூலை 29 இல் அதன் பத்தாம் பதிப்பு வெளிவந்தபோது, கணினியின் அமைப்பு, நேர்ந்த பழுது, திறக்கப்பட்ட செயலிகள், அவற்றிற் கழிந்த நேரம் முதலியன இணையவழியே நிறுவனத்துக்குச் செல்லும் ஏற்பாடு அதனுள் இருந்தது. அனுப்பப்படும் அளவைக் குறைக்க வழியிருந்தது உண்மையே. எனினும் ஒன்றையும் மாற்றாது விட்டவருக்குக் கிடைத்தது எல்லாவற்றையும் அனுப்பும் நிலை. மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது என்க.

ஐரோப்பாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2016 யூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், தேவைக்கு மிஞ்சிய தகவல் திரட்டப்படுகின்றதென்று மைக்கிரோசொப்ற்றுக்கு அறிவித்தல் விடுத்தது. அடுத்த ஆண்டு அவ்விவகாரத்தை முடித்துவைத்தபோது, அடிப்படை நிலையிற் சேர்க்கப்படும் தகவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்ததை அது குறிப்பிட்டது. பாதியைக் குறைத்தும் கணினி முன்போலவே இயங்கிற்று என்றால், அந்தப் பாதி எதற்காகத் திரட்டப்பட்டது? 2017 ஒக்ரோபரில் நெதர்லாந்தின் ஆணையமும் அந்நாட்டுச் சட்டம் மீறப்பட்டதெனத் தீர்ப்புரைத்தது. எவை திரட்டப்படுகின்றன, எதற்காக என்பதைப் பயனாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே முக்கிய குற்றச்சாட்டு.

பழுதறிக்கை முழுவதும் தீயதென்று கூறுதல் நேர்மையாகாது. இலட்சக்கணக்கான கணினிகளில் ஒரே வழு தோன்றும்போது அதனை அறிந்து திருத்துவதற்கு அவ்வறிக்கைகளே உதவுகின்றன. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கட்டாயமல்லாத தகவலை அனுப்ப இசைந்திருப்பின், செயலி முறிந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததும் உடன் செல்லக்கூடும். அவ்வேளை திறந்திருந்த கோப்பின் சில பகுதிகள் தற்செயலாக அதில் அடங்கலாம் என்று நிறுவனமே எழுதி வைத்துள்ளது. வாசகருட் பலர் ஆசிரியர், சிலர் எழுத்தாளர். மாணவன் ஒருவனைப் பற்றிய அந்தரங்கக் குறிப்போ, எவருக்கும் காட்டாத கவிதையின் முதற்படியோ அந்தக் கணத்தில் திறந்திருத்தல் அரிதன்று.

இதனைத் தடுக்கும் வழி கடினமானதன்று. விண்டோஸ் பதினொன்றில் 'செற்றிங்ஸ்' பகுதியைத் திறந்து, தனியுரிமையும் பாதுகாப்பும் பற்றிய பிரிவில் 'டயக்னொஸ்ரிக்ஸ் அன்ட் ஃபீட்பக்' என்பதை நாடுக. கட்டாயமல்லாத தகவலை அனுப்பும் ஆளியை அணைத்துவிடலாம். கணினி இதுவரை அனுப்பியவற்றை நீக்குமாறு கோரும் பொத்தானும் அங்கேயே உண்டு. விளம்பரத்துக்காக ஒவ்வொருவருக்கும் இடப்படும் அடையாள எண்ணையும் அதே பிரிவின் வேறொரு பக்கத்தில் நிறுத்தலாம். அனுப்பப்படுவதைக் கண்ணாற் காண விரும்புவோர்க்கு 2018 முதல் ஒரு பார்வைக் கருவியும் இலவசமாகக் கிடைக்கின்றது. அதனை ஒரு முறையேனும் திறந்து பார்ப்பது நன்று. பெரும்பகுதி விளங்காது, ஆயினும் அதன் நீளமே போதிய பாடம்.

'ஒற்றரை ஒழிக்கும்' செயலிகள் பல இணையத்தில் இலவசமாக உலாவுகின்றன. அவற்றை நாடுவோர் கவனமாயிருத்தல் வேண்டும். யார் எழுதியது என்றறியாத செயலிக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்து ஒற்றரை விரட்டுவது விந்தையான காவல். சில, பாதுகாப்புக்கு இன்றியமையாத புதுப்பித்தல்களையும் சேர்த்தே அடைத்துவிடுகின்றன. மைக்கிரோசொப்ற்றின் முகவரிகளைக் கணினியின் 'ஹோஸ்ற்ஸ்' கோப்பில் மறித்தவர்களுக்கு, 2020 முதல் விண்டோஸின் காவற் செயலியே அதனை ஆபத்தென்று எச்சரிக்கின்றது.

இத்தனையும் செய்த பின்னரும், கட்டாயமானவை எனப் பெயரிடப்பட்ட தகவல்கள் சென்றுகொண்டேயிருக்கும். அவற்றையும் நிறுத்தும் ஆளி பெருநிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் உரிய பதிப்புகளில் உண்டு. வீட்டுப் பதிப்பில் இல்லை. செய்ய முடியாததால் மறுக்கப்படவில்லை என்பது இதனாற் புலனாகும். வங்கிக்கு வழங்கும் உரிமையை வீட்டிலிருந்து எழுதுபவருக்கு ஏன் வழங்கலாகாது என்பதற்கு நிறைவான விடை எனக்குத் தென்படவில்லை. டெபியன் என்னும் இலவச இயங்குதளத்திலும் எந்தெந்தச் செயலிகள் பயன்படுகின்றன என்று அறிவிக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. நிறுவும்போதே பங்குபற்ற விருப்பமா என்று அது கேட்கின்றது. முன்கூட்டித் தெரிவுசெய்யப்பட்டிருக்கும் விடை 'இல்லை' என்பதாகும்.