இரத்தக் குழாய் நலமும் செவிலியர் பணியும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்வது எதற்காக என்பதை நமது அங்கத்தினர்கள் நன்கறிவர். நஷ்டம் முற்றிச் சங்கம் முறிந்த பின்னர் ஏடுகளைப் புரட்டுவதால் பயனில்லை. முறிவு நேருமுன் குறையைக் கண்டு திருத்துவதற்கே தணிக்கை ஏற்பட்டது. நம் உடலின் இரத்தக் குழாய்களுக்கும் இத்தகைய தணிக்கை அவசியமாகும். கிராமங்களில் அதனைச் செய்பவர் செவிலியர். அவருடைய பணி எத்தகையது, அதன் முழுப்பயனை அடைய நாம் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

இதயத்தினின்று உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். புகையிலை, மிகுந்த இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, இரத்தத்தில் மிகும் கொழுப்பு ஆகியவற்றால், வாய்க்காலில் வண்டல் சேர்வதுபோல் இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. வாய்க்கால் பாதி தூர்ந்தாலும் தலைமடைக்காரருக்குக் குறை தெரிவதில்லை. கடைமடைக்காரரே முதலில் அறிவார். அவ்வாறே இந்நோயும் நெடுங்காலம் வலியின்றி வளரும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பும், மூளையில் அடைத்தால் பக்கவாதமும், காலில் அடைத்தால் ஆறாத புண்ணும் உண்டாகும். சில வேளை காலையே இழக்கவும் நேரும்.

வலி அறிவிக்காததை அளவு அறிவிக்கும். ஆகவே, செவிலியரின் முதற்பணி அளத்தலாகும். இரத்த அழுத்தம் பார்க்குமுன் நம்மை ஐந்து நிமிஷம் அமைதியாக அமரச் செய்வார். அதற்கு முந்திய அரைமணி நேரம் பீடியும் தேநீரும் கூடா. அளவு 140-க்கு 90 அல்லது அதற்கு மேலிருப்பின், ஒரே தடவையில் முடிவு செய்யாது, வேறு நாளிலும் அளந்து மருத்துவரிடம் அனுப்புவார். பின்னர்ப் புறங்காலிலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சர்க்கரை வியாதியுள்ளவரின் பாதத்தை மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி உண்டா என்றும் சோதிப்பார். டாப்ளர் கருவி உள்ள இடங்களில், கணுக்காலில் காணும் அழுத்தத்தைக் கையில் காணும் அழுத்தத்தால் வகுப்பதுண்டு. கையில் 140-ம் காலில் 98-ம் இருப்பின் ஈவு 0.70 ஆகும். 0.90-க்குக் குறைந்தால் கால் தமனியில் அடைப்பிருப்பதாகக் கொள்வர்.

குழித்தறியில் நாள் முழுதும் மிதிக்கும் நெசவாளர், கால்வலி எதுவாயினும் தறியால் வந்ததென்றே கருதிவிடுகின்றனர். இதில் வேறுபாடு அறிதல் நலம். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்ற சில நிமிஷங்களில் வலி தணியுமாயின், தமனி குறுகியிருக்கலாம். மாலையில் கால் வீங்கிக் கனத்து, நரம்பு சுருண்டு புடைத்து, காலை உயர்த்தி வைத்தால் சுகம் தோன்றுமாயின், அது இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பும் சிரைகளின் குறை. பின்னதற்கு இறுக்கமான காலுறை உதவும்; முன்னதற்கு அதுவே தீங்காகும். ஆதலால் செவிலியரிடம் காட்டாமல் தாமாகவே கட்டுப் போட்டுக்கொள்ளுதல் தகாது.

இரண்டாவது பணி கற்பித்தல். புகையிலையை எவ்வடிவிலும் விட வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு மொத்தத்தில் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். சர்க்கரை வியாதியுள்ள விவசாயி வெறுங்காலுடன் வயலுக்குச் செல்லலாகாது. இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். அழுத்தம் தணிந்ததும் மாத்திரையை நிறுத்துவது பெரும்பிழை. தணிந்தது மாத்திரையாலன்றோ! முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும்.

மூன்றாவது பணியே கடினமானது. அதுதான், ஒருமுறை வந்தவரை மறுமுறையும் வரச்செய்தல். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய சோதனையையும் மருந்தையும் வீட்டு வாசலுக்கே கொணர்ந்தது. எனினும், ஏட்டில் பெயர் எழுதப்பெற்றவர் அடுத்த மாதம் தென்படாவிடில், அளந்ததெல்லாம் வீணாகும். வராதவரைச் சோம்பேறியென்று பழிப்பது நியாயமன்று. நெய்த அளவுக்கே கூலி பெறுபவருக்கு அரைநாள் போனால் அரைநாள் கூலி போயிற்று.

இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. நூல் வழங்கும் நாளிலும், கூலிப் பட்டுவாடா நாளிலும், உரம் வழங்கும் நாளிலும் அங்கத்தினர்கள் எப்படியும் சங்கத்திற்கு வருகின்றனர். அந்நாளில் செவிலியரை அழைத்து, ஒரு மேஜையும் இரு நாற்காலிகளும் மறைவான ஓரிடமும் அளித்தால், எவருக்கும் கூலி நஷ்டமின்றிச் சோதனை நடைபெறும். ஒருவரின் அளவைப் பிறரறியக் கூறலாகாது. அந்த ஏடு செவிலியரிடமே இருத்தல் முறை. அங்கத்தினர் மட்டுமன்றி, பாவு ஓட்டியும் தார் சுற்றியும் உழைக்கும் வீட்டுப் பெண்களும் இதிற் பங்கு பெறல் வேண்டும். இதற்கென நிதி ஒதுக்கத் தேவையில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானமும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஒரு கடிதமும் போதும். அடுத்த கூட்டத்திலேயே இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.