ரசிகர் புனைவும் பதிப்புரிமையும்

ஓர் எழுத்தாளர் படைத்த கதைமாந்தரையும் கதைக்களத்தையும் எடுத்துக்கொண்டு வாசகர் ஒருவர் எழுதும் புதிய கதை ரசிகர் புனைவு எனப்படும். ஆங்கில வழக்கை ஒட்டி ஃபேன் ஃபிக்‌ஷன் என்றும் இதைச் சொல்வர். முடிந்த நாவலைத் தொடர்வது, முடிவை மாற்றுவது, துணைப் பாத்திரத்தை நாயகராக்குவது ஆகியவை இதன் பொதுவான வடிவங்கள். இது மூலப் படைப்புக்குச் செய்யும் மரியாதையா, உரிமை மீறலா என்பதில் எழுத்தாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பொதுவில் உள்ள கதைகள்

பழங்கதையை மீண்டும் சொல்வது தமிழில் நெடுநாளைய வழக்கம். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் கதை இதற்கு நல்ல சான்று. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி அளித்த செய்தி புறநானூற்றில் உள்ளது. 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படம் ஔவையை மூதாட்டியாகக் காட்டியது. கவிஞர் இன்குலாப் தம் ‘ஔவை’ நாடகத்தில் சங்ககால ஔவையை இளம் பாணர்குலப் பெண்ணாகப் படைத்தார். இவ்விரண்டுக்கும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அதியமானும் ஔவையும் எவருக்கும் தனியுடைமை அல்லர்.

தகடூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் பழைய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு தொகுத்ததாலும் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலுமே அதன் சில பாடல்கள் எஞ்சியுள்ளன.

‘பொன்னியின் செல்வன்’ தொடர்ச்சிகள்

தமிழில் ரசிகர் புனைவுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த இந்நாவல் முடிந்தபோது, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கை குறித்து வாசகர்கள் கேள்விகள் எழுப்பினர். கல்கி முடிவுரை எழுதி அவற்றுக்கு விடை தந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

கதையைத் தொடரும் பணியைப் பிறர் மேற்கொண்டனர். ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பிற்காலத்தில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார்.

இத்தொடர்ச்சிகளில் இருவகைப் பாத்திரங்கள் கலந்துள்ளன. இராசராசனும் குந்தவையும் வந்தியத்தேவனும் வரலாற்று மாந்தர்கள். வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே கூறுகிறது. ஆனால் நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். பதிப்புரிமைக் கேள்வி எழுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

எழுத்தாளர்களின் நிலைப்பாடு

உலக அளவில் எழுத்தாளர்களின் நிலைப்பாட்டை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் முற்றிலும் மறுப்பவர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ் தம் பாத்திரங்களை வைத்து எவரும் எழுதக்கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் ரசிகர் புனைவை ஏற்பதில்லை.

இரண்டாம் வகையினர் வரம்புடன் அனுமதிப்பவர்கள். ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங், விற்பனை நோக்கமற்ற ரசிகர் கதைகளைத் தடுக்கவில்லை. ஆனால் தம் நாவல்களைக் கொண்டு தொகுக்கப்பட்ட அகராதி நூல் ஒன்று விற்பனைக்கு வரவிருந்தபோது வழக்குத் தொடுத்து, 2008-இல் வென்றார்.

மூன்றாம் வகையினர் தம் படைப்பைத் தாமே பொதுவுக்குத் தருபவர்கள். இந்தியாவில் ஆசிரியர் தம் உரிமையைத் துறக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழி செய்கிறது.

இந்தியச் சட்டம்

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஓர் இலக்கியப் படைப்புக்கான உரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். படைப்பைத் தழுவி எழுதும் உரிமையும் இதில் அடங்கும்.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை; அது வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு. உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் இதைத் தெளிவாக்கியது. மாகாணப் பற்றை எதிர்க்கும் நாடகம் ஒன்றும் திரைப்படம் ஒன்றும் ஒரே கருத்தைக் கொண்டிருந்தாலும், சொன்ன விதம் வேறு என்பதால் அது உரிமை மீறல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொந்தப் பயன்பாடு, ஆய்வு, திறனாய்வு, மதிப்புரை ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் பணம் வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு கதை இந்த விலக்கில் அடங்கிவிடாது.

57-ஆம் பிரிவு ஆசிரியரின் தனிச்சிறப்பு உரிமையைக் காக்கிறது. பதிப்புரிமையை விற்ற பிறகும், தம் படைப்பு தமக்கு அவப்பெயர் தரும் வகையில் சிதைக்கப்பட்டால் அவர் எதிர்க்கலாம். அவருக்குப் பின் வாரிசுகளும் எதிர்க்கலாம்.

நாட்டுடைமை

தமிழ்நாட்டில் எழுத்தாளர்களின் நூலுரிமையை அரசு பெற்றுப் பொதுவாக்கும் வழக்கம் உண்டு. பாரதியின் படைப்புரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றது இதன் முன்னோடி. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. ஆகாமல் இருந்திருந்தாலும், 1954-இல் மறைந்த அவரது பதிப்புரிமை 2014 இறுதியில் முடிந்திருக்கும்.

எல்லாக் குடும்பங்களும் இதை ஏற்பதில்லை. 2009-இல் அரசு அறிவித்தபோது கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் குடும்பத்தினர் மறுத்துவிட்டனர்.

எழுத முனைவோருக்கு

தருமபுரி மாணவர் ஒருவர் அதியமானைப் பற்றித் தடையின்றி நாவல் எழுதலாம். ஆனால் இன்குலாப் தம் நாடகத்தில் அமைத்த காட்சிகளையும் உரையாடல்களையும் அனுமதியின்றி எடுத்தாள முடியாது. இன்குலாப் 2016-இல் மறைந்தார். எனவே உரிமை துறக்கப்படாமலும் நாட்டுடைமை ஆகாமலும் இருந்தால் அந்நாடகத்துக்கான பதிப்புரிமை 2076 வரை உண்டு. கல்கியின் நந்தினியை வைத்து இன்று எவரும் கதை எழுதலாம். அவள் கல்கியின் படைப்பு என்று சொல்லியே எழுத வேண்டும். வாழும் எழுத்தாளரின் பாத்திரம் என்றால், வெளியிடும் முன் அவரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெறுவதே பாதுகாப்பானது.